சாலைக்கு முதுகு காட்டும் நிழற்குடை

அனுப்புநர்:
நிழற்குடையை வரைந்த பெண்ணின் தகப்பன்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நிழற்குடையைத் திருப்ப முடியாததால் பேருந்தைத் திருப்பிவிட வேண்டுவது.

மதிப்புக்குரிய ஐயா,

என் மகள் கட்டட வடிவமைப்பாளர். ஊரில் ‘இன்ஜினியரம்மா’ என்பார்கள். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள், மருந்தகங்கள் பலவும் அவள் வரைந்தவை. காலி மனையில் நாற்காலி போட்டு, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பகல் முழுக்கப் பார்த்த பிறகுதான் பென்சிலைத் தொடுவாள். கட்டிக்கொண்ட மாப்பிள்ளையைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தங்கள் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, அவளை மேற்பார்வைக்குக் கூப்பிடாமல், அவள் தந்த நிழற்குடை வரைபடத்தைத் தலைகீழாக ஒட்டிவைத்துக் கட்டி முடித்துவிட்டார். இப்போது நிழற்குடையின் முதுகுதான் சாலைக்கு. பயணிகள் நகராட்சி மதிலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, பேருந்து பின்னால் வந்து பின்னாலேயே போய்விடுகிறது.

மேஸ்திரியிடம், “எழுத்தெல்லாம் தலைகீழா இருந்துச்சேப்பா?” என்று கேட்டேன். “இங்கிலீஷ்னு நெனச்சேன் சார்” என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வரைந்தவர் பெயர் பொறித்த கல்லை மட்டும் சாலையைப் பார்த்து நேராகப் பதித்திருக்கிறார்கள். நேற்று டீக்கடைக்காரர், “உங்க பொண்ணு பஸ்ஸோட கோவிச்சுக்கிட்டுக் கட்டினாங்களாண்ணே?” என்றார். கடையே சிரித்தது. வேலை நடக்கும்போது அதே கடையில், “என் பொண்ணு கட்டுறது” என்று கூட்டம் கூட்டிச் சொன்னவன் நான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கேலி எனக்குப் பழக்கம். அவளுக்கில்லை. என் வீட்டு முன்னறைதான் அவள் அலுவலகம். அதன் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். “இனிமே எங்கயாவது சம்பளத்துக்குப் போறேன்ப்பா” என்கிறாள். புதுப் பள்ளிக்கூடம் வரையச் சொன்னவர்கள், நிழற்குடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

கட்டடத்தில் கை வைக்க வேண்டாம். மதிலுக்கு அப்பால் அகலமான பின்தெரு சும்மா கிடக்கிறது. மதிலைக் கொஞ்சம் திறந்து, பேருந்தை அவ்வழியே விட்டால் பெஞ்சும் பேருந்தும் நேருக்கு நேர். கல்லையும் அந்தப் பக்கம் மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை தாங்கள் நாடா வெட்டுவதற்குள் உத்தரவிட்டால் அவள் பெயர்ப்பலகை மறுபடி வாசலுக்கு வந்துவிடும்.

நான் கெஞ்சியதன் பேரில் இதற்கான வரைபடத்தையும் அவளே வரைந்தாள், இணைத்துள்ளேன். மேல்பக்கம் எது என்று தெரிவதற்காக ஓரத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறாள். தொந்தியும் வழுக்கையுமாக நிற்பது அடியேன்தான். என் கால் மேலே தெரிந்தால், தயவுசெய்து தாளைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லவும்.

இடம்: நிழற்குடை பெஞ்சு, மதிலைப் பார்த்தபடி
நாள்: திங்கட்கிழமை

பணிவுடன்,
(ஒப்பம்)
வரைபடத்தில் நிற்பவர்