சித்தியின் பின்னால் உட்கார்ந்திருப்பவள்

ஜூலை 3, புதன்

நூலகத்தில் இன்று எனக்கு மட்டும் ஒரு புத்தகம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாடிப்படிகளைத் தாவி வந்து கதவைத் திறந்தேன்.

சித்தி தரையில், அம்மாவின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன, தலை பின்னால் சாய்ந்திருந்தது. "மெதுவாக்கா, சிக்கு வலிக்குது" என்றாள்.

கட்டிலில் யாரும் இல்லை. சீப்பு அலமாரி மேல் இருந்தது. சித்தியின் பக்கத்தில் இருமல் மருந்து பாட்டில். சித்திக்கு இருமலே கிடையாது.

"உன் பொண்ணு வந்துட்டா பாரு" என்று கட்டிலிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு எதையோ காதில் வாங்குவதுபோல் இருந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மத்தியானம் ஏன் சாப்பிடலன்னு கேக்குறா."

நான் சாப்பிடவில்லைதான். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா இறந்தபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. என்னை வளர்த்தவள் அவள் தங்கையான சித்திதான். அம்மாவின் முகம் எனக்குப் புகைப்படம் மட்டுமே. ஆனால் அவள் எங்கே உட்காருவாள் என்று தெரியும். அந்தக் கட்டிலில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை.

ஜூலை 5, வெள்ளி

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சித்தி கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆனால் என் பை அப்போது என் தோளில்தானே இருந்தது?

ஜூலை 9, செவ்வாய்

சித்தி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். இன்று ஒரு சட்டையைக் கருக்கிவிட்டாள். மருந்துப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஜூலை 13, சனி

சிகிச்சைக்குப் போன இடத்தில் கவுன்சிலிங் மேடம் வித்தியாசமானவர். "என்ன கஷ்டத்துக்குக் குடிக்கிறீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. குடிக்கும்போது எது ரொம்ப நல்லா இருக்கு? அதச் சொல்லுங்க" என்றார்.

ஒரு பெரிய சந்தோஷமும் மருந்தும் எப்போதோ ஒன்றாக முடிச்சு விழுந்துவிடுமாம். அந்தச் சந்தோஷத்தையும் பாட்டிலையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு, அவர் அசைக்கும் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் முடிச்சு தளருமாம். நினைவு அழியாதா என்று நான் கேட்டேன். "நினைவு எங்கேயும் போகாதும்மா, முடிச்சுதான் அவிழும்."

சித்தி யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. குடிச்சா அப்படி இருக்கும்" என்றாள். அவள் கண்கள் விரலோடு போய்ப் போய் வந்தன. ஒருமுறை மட்டும் மேடத்தின் தோளுக்குப் பின்னால், காலியான மூலையில் நின்றன. மன்னிப்புக் கேட்பதுபோலச் சித்தி லேசாகச் சிரித்தாள்.

பஸ்ஸில் கேட்டேன். "நீ எப்ப சித்தி ஓடினே?"

"வாய மூடுடி வாத்தியாரம்மா. நெசத்தச் சொன்னா எங்கக்காவக் கொண்டுபோயிடுவாங்க."

மூடிக்கொண்டேன். அம்மா போகாமல் இருப்பதுதான் எனக்கும் வேண்டியிருந்ததோ?

ஜூலை 20, சனி

"உங்க மேடம் பெரிய ஆளுதான். ஓடாத பந்தயத்தையே மறக்கடிச்சிட்டாங்க" என்று சித்தி கேலி செய்தாள். பாட்டில் மட்டும் புதிது.

ஜூலை 24, புதன்

சித்தியின் இடது கையில் பெரிய கட்டு. கடையில் பட்டன் தைக்கும் அக்கா கூட்டி வந்தார். "சுடற பெட்டிய கை மேலேயே வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. தோல் கருகற நாத்தம் வருது. இவ என்னடான்னா 'எங்கக்கா கையப் புடிச்சிருக்கா'ங்கிறா!" அவர் கட்டிலைப் பார்த்தார், உட்காரவில்லை. அந்தக் கட்டிலைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சித்தி தூங்கியபின், "அம்மா, விட்டுடு" என்றேன். சத்தமாகவே. கட்டில் விரிப்பில் ஒரு குழி இருந்தது. நான் தட்டிச் சரிசெய்யவில்லை. பயம்.

ஜூலை 27, சனி

சொல்லிவிட்டேன். மேடத்தின் அறையில், சித்தி முன்னாலேயே. "பந்தயம் பொய். எங்கம்மா தலை வாருறதுதான் நிஜம்."

சித்தி என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "பெத்தவளையே காட்டிக் குடுக்கிறியேடி!"

"அம்மா உன்னையும் கொண்டுபோயிட்டா நான் எங்க போவேன்?" என்று கத்திவிட்டேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

பிறகு சித்தி சொன்னாள். அம்மா இறந்த வாரம் சித்திக்குக் காய்ச்சல். யாரோ இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். அப்போது கூந்தலுக்குள் விரல்கள் வந்தன. "எனக்கும் ஆளிருக்குன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

மேடத்தின் விரல் அசைந்தது. சித்தியின் கண்கள் பின்னாலேயே போயின.

"இப்ப?" என்றார் மேடம்.

"வாருறா."

மறுபடி விரல். "இப்ப?"

"சீப்பு நின்னுடுச்சு."

மறுபடி. "இப்ப?"

"எந்திரிக்கிறா."

நான் நாற்காலியில் கால்களை ஒதுக்கி வழிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? என் முழங்கால் சில்லென்று இருந்தது. மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் உள்ளே வந்ததுமே அதைச் சாத்தியிருந்தோம்.

ஜூலை 30, செவ்வாய்

மிச்சமிருந்த மருந்தைச் சித்தி தானே கொட்டினாள். என்னோடு பேசவில்லை. வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அதன்பின் சித்தியின் குரல். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதே இல்லை. அடுப்போரம் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா செத்துட்டாடி... எங்கக்கா செத்துட்டா..." என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மருந்து வாசனை இல்லை.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்.

"யாரும்மா அழறது? என்னாச்சு?"

"சித்தி அழறாங்க. எங்கம்மா இறந்துட்டாங்க."

"ஐயோ கண்ணு! எப்போ?"

"இன்னைக்கு" என்றேன்.