யாரும் பெயர் சொல்லாத ஹைக்கூ

மத்சுயாமா,
அக்டோபர் 21

அன்புள்ள இட்சுகோ,

ஒத்தாருவில் குளிர் எப்படி? கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. இந்த மாத ஹைக்கூ கூட்டத்துக்கு நீ தபாலில் அனுப்பிய கவிதை உறையைப் பிரிக்காமலேயே நம் பல் டாக்டர் ஒனிஷியிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வழக்கம்போலப் பெயரில்லாத சீட்டுகளைக் கலந்து, கையெழுத்து தெரியக் கூடாதென்று ஆளுக்குச் சிலவற்றை நகலெடுத்து, சுற்றுக்கு விட்டோம். அதிகம் பேர் கை தூக்கித் தேர்ந்தெடுத்தது இது:

தேயிலை டப்பா திறந்து
யாரும் அணியாத காலுறைக்கு
இலையுதிர் கால வெயில்.

வாசித்ததும் எழுதியவர் பெயர் சொல்ல வேண்டுமே, ஒருவரும் சொல்லவில்லை. "என்னப்பா, பேரு சொல்ல வெட்கமா? பல்லு பிடுங்கவா போறேன்?" என்றார் ஒனிஷி. எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிரவில்லை.

பிறக்காமல் போன எங்கள் குழந்தைக்கு நான் பின்னிய காலுறை அது. வருடத்துக்கு ஒருமுறை, கோஹெய் தச்சு வேலைக்குப் போன பிறகுதான் தேயிலை டப்பாவிலிருந்து எடுத்து அதை வெயிலில் வைப்பேன். எரித்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரோ கவிதைப் பக்கமே வராதவர். என்னைக் காரில் கொண்டுவந்து விட்டு, எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டு மூலையில் தூங்கிவிடுவார். என் மூன்று தொகுப்புகளிலும் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் உறையில் இருந்ததா இது? இல்லை, யாரிடமாவது சொன்னாயா?

சிஹாயா


ஒத்தாரு,
அக்டோபர் 29

சிஹாயாவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் கடிதத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தச் சீட்டை நகலெடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கேள். மூலக் கையெழுத்தைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். அப்படிக் கேட்பது முறையில்லை என்பாய். என்னைக் கேட்டது முறையா?

இன்னொன்று. அந்தக் கவிதைக்கு நீ வாக்களித்தாயா? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

இட்சுகோ


மத்சுயாமா,
நவம்பர் 12

அன்புள்ள இட்சுகோ,

நகலெடுத்தவர் ஒனிஷிதான். "மூணு புத்தகம் போட்ட பொம்பள, நீயே இதைக் கேக்கலாமாம்மா?" என்று கடிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பட்டைப் பென்சில். தாளே கிழியுற மாதிரி அழுத்தி எழுதியிருந்தது" என்றார்.

தச்சர்கள் மரத்தில் கோடு போடும் பென்சில். எங்கள் வீட்டில் மூலைக்கு ஒன்று கிடக்கும்.

அப்போதும் என் புத்தி உன்னிடம்தான் போனது. வீட்டுக்கு வந்து கோஹெய்யிடம் கேட்ட முதல் கேள்வியே, "இட்சுகோ சொன்னாளா?" என்பதுதான்.

"எவளும் சொல்லல. ஒரு வருஷம் சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுத் திரும்பி வந்தேன். நீ அந்தக் காலுறைய வெயில்ல வச்சுட்டு முதுகு காட்டி உக்காந்திருந்த. சத்தம் போடாம போயிட்டேன்."

"அன்னைக்கு ஏன் பேரு சொல்லல?"

"எல்லாரும் கை தூக்கினாங்க. நீ தூக்கல. அப்புறம் யாருக்குச் சொல்றது?"

ஆமாம் இட்சுகோ, நான் வாக்களிக்கவில்லை.

நேற்று இருவருமாக அந்த டப்பாவை ஜன்னலோரம் வைத்தோம். காலுறையை அவரே எடுத்து வெயிலில் வைத்தார். இனி உன்னிடம் பேசியாக வேண்டும். இவ்வளவு காலம் காத்தவளை மூன்று வரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். என்னை மன்னித்துவிடு. இந்த மாத உறை இன்னும் வரவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

உன் சிஹாயா


ஒத்தாரு,
நவம்பர் 23

சிஹாயாவுக்கு,

கோஹெய்யிடம் சொல், நல்ல கவிதை. நானாக இருந்தால் கை தூக்கியிருப்பேன்.

உறையை அனுப்பிவிட்டேன். உன் முகவரிக்கு அல்ல, நேராக ஒனிஷிக்கு. இனி அப்படித்தான்.

நகலெடுக்கும்போது என் சீட்டு ஒன்று உன் கைக்கு வரலாம். என் கையெழுத்து உனக்குத் தெரியும். பெயர் சொல்லும்வரை யாரிடமும் சொல்லாமல் இரு. உன்னால் முடிகிறதா, பார்ப்போம்.

இட்சுகோ