பூஜையில் வைத்த தடிப் புத்தகம்

அன்பு மகளுக்கு,

போன சரஸ்வதி பூஜையில் நீ வைத்த தடிப் புத்தகத்தை, "கேம் கதையெல்லாம் சாமி முன்னால எதுக்கு?" என்று நான்தான் வெளியே வீசினேன். அன்று கோபித்துக்கொண்டு சிரம்பான் ஊருக்குப் போனவள், இன்னும் நீ வீட்டுப் படி ஏறவில்லை.

இந்த வருஷம், நீ விட்டுப்போன அதே புத்தகத்தை நானே பூஜையில் வைத்தேன். ஆங்கில அகராதியோடு பாதி படித்திருந்தேன். மறுநாள் பூஜை முடியும்வரை புத்தகத்தைத் தொடக்கூடாது என்று உனக்குச் சொல்லித் தந்தவளும் நான்தான். ஆனால் கம்ப்யூட்டர் கேமுக்குள் மாட்டிக்கொண்ட அந்த வீரன், டிராகனோடு சண்டை போட டோக்கன் எடுத்து நாற்பது பக்கமாக வரிசையில் நிற்கிறான். பொறுக்க முடியாமல் எடுத்துப் படித்துவிட்டேன்.

"சாமி ரூம்ல என்னா லா சிரிப்பு?" என்றார் அப்பா.

சரஸ்வதி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உன்னிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

தீபாவளிக்கு வந்தால் அடுத்த பாகத்தையும் எடுத்து வா. சாமி மேடையில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா