மண் இளகும் வரை

அன்புள்ள அம்மாவுக்கு, நூர்ஜாத்தின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

சுரங்க முகாமின் போன்களை வெளியூரோடு இணைக்கும் ரூட்டருக்குப் புது அட்டை வந்திருக்கிறது. அதைச் சொருகினால் எல்லோரும் வீட்டுக்குப் பேசலாம். நேற்று மின்சாரத்தை நிறுத்தினேன். கம்பளியில் கிளம்பும் சிறு பொறிகூட அட்டையைக் கெடுத்துவிடும் என்பதால் நீங்கள் பின்னிய ஸ்வெட்டரைக் கழற்றினேன். உடம்பில் சேரும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்டினேன். அதன் மறுமுனையை மாட்டத் தேடினால், கட்டடத்துக்கு எர்த்தே இல்லை. கம்பியைத் தரையில் இறக்கப் போனோம். மண் உறைந்து கிடக்கிறது, கடப்பாரை துள்ளுகிறது.

"டீ ஊத்திப் பாரு தங்கச்சி, மனசு இளகும்," என்றார் லாரி ஓட்டும் கென்ஜெபெக் அண்ணன். ஊற்றினேன். அதுவும் உறைந்துவிட்டது.

அட்டை கெட்டால் வேறு கிடைக்காது. அதனால் வசந்தத்தில் மண் இளகிய பிறகுதான் சொருகுவேன், அதுவரை பழைய ஒற்றை லைன்தான். பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்களுக்கே அது என்று முடிவாகிவிட்டது. நானும் ஒருத்தியின் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு பருத்திச் சட்டை அனுப்புங்கள். வேலை நேரத்துக்கு மட்டும்தான், ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறேன்.

இந்தக் கடிதத்தை எடுத்துப்போக அண்ணன் லாரியைக் கிளப்பிவிட்டார். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள், அம்மா.

நூர்ஜாத்