குன்னத்தூரில் நான் ஆடாத ஆட்டம்

12.8.2006, சனி

அக்கா மகள் கவிதா இசையமைத்த படத்தை இன்று போட்டுக் காட்டினார்கள். எழுபதுகளில் நடக்கும் கதை. நடுநடுவே அந்தக் காலத்து ரேடியோ பாட்டுகள். மீதி இசையெல்லாம் அவளுடையது. அவள் மெட்டு ஒன்று அசல் பழசு போலவே ஒலித்தது. என் திருவாய் சும்மா இருக்குமா?

"இதுக்கு நான் சின்ன வயசுல குன்னத்தூர் கோயில் நோம்பியில ஆடுன ஆட்டத்துல மூணு ஊர் கூரை பறந்துச்சுங்க!"

படத்துக்குப் பணம் போட்ட பனியன் கம்பெனி முதலாளி திரும்பினார். "ஏனுங்க, அப்ப இது திருட்டு மெட்டுங்களா?"

கவிதா முகம் வெளுத்தது. திங்கட்கிழமை முதலாளி அவளுக்குப் பதில் வேறு ஆளைப் போடுகிறாராம்.

சற்று முன் அவருக்குப் போன் செய்தேன். "நான் ஆடவே இல்லீங்க. சும்மா அளந்தேனுங்க."

"அக்கா புள்ளைக்காகப் பொய் சொல்றீங்களாக்கு!" என்று சிரித்தார்.

நாளைக் காலை வீரபாண்டியில் அவர் வீட்டுக்கே போய் அவர் காலில் விழுவேன். அதையும் நடிப்பு என்றுதான் சொல்வார்.