உம்மாவின் முழங்கால் சத்தம்

உம்மா,

குசினியில் புட்டும் மீன் ஆணமும் மூடி வைத்திருக்கிறேன். துணைக்கு ரபீக்கா மாமி வரும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.

நேற்று நான் ஏசியதை மனதில் வைக்காதீர்கள். காலை நீட்டும்போது 'டக்' என்று கேட்பதை இத்தனை நாளும் மறைத்துவிட்டு, "இரும்பெண்டா கதைக்கும்தானே" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டரிடம் போனில் கேட்டேன். ஒப்பரேசனில் உங்கள் முழங்காலில் வைத்த இரும்பு மூட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். முழங்கால் சில்லுக்கு மேலே வளரும் தழும்புச் சதை அதன் விளிம்பில் சிக்கி விடுபடும்போதுதான் அந்தச் சத்தமாம். "பழைய டிசைனில இது கூடுதல், விளிம்பை மாத்தின புதுசில குறைவு. எக்ஸ்ரேயைக் கொண்டு வாங்க, பிந்த வேணாம்" என்றார். எக்ஸ்ரேயோடு அவரிடம் போக பஸ் பிடிக்கப் போகிறேன்.

கால் வீங்கினால் உடனே எனக்கு போன் எடுங்கள்.

ஷாமிலா

இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த நல்லம்மா அக்காவுக்கு வைத்ததும் இதே மூட்டுத்தான். இன்று காலை கிணற்றடியில் அந்த முழங்கால் சிக்கி விழுந்து, தொடை எலும்பு உடைந்துவிட்டதாம். அவரின் மகள் போனில் அழுதபடி சொன்னாள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாமல் போய்விட்டது.

கிணற்றடிக்குப் போகும் நம் பின்கதவைப் பூட்டியிருக்கிறேன். திறப்பு என்னிடம். கோபிக்காதீர்கள்.