இடது கன்னத்தில் ஓடும் சிவப்பு

1953 ஜூன் 9, செவ்வாய்

இரண்டாம் வகுப்பில் ஒரு குட்டி என் முகத்துக்கு நேரே கை நீட்டினாள். “டீச்சர், மூக்குக்கிட்ட செவப்பு நூலு ஒட்டியிருக்கு.” நானும் தட்டிவிட்டேன். விழவில்லை. வீட்டுக்கு வந்து கைக்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது நூலே இல்லை. தோலுக்குள்ளே ஓடுகிறது. இடது மூக்கோரத்தில் தொடங்கிக் கன்னத்தில் மூன்றாகப் பிரிகிறது. விரலால் அழுத்தினால் மறைகிறது. விரலை எடுத்தால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

காலிலும் இருக்கிறது. முட்டுக்குப் பின்னாலும் கணுக்காலுக்கு மேலேயும், சிவப்பும் நீலமுமாக, நனைந்த தாளில் மை இழுத்த மாதிரி. எத்தனை நாளாக இருக்கிறதோ. என் காலை நானே பார்ப்பதில்லை, வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்த வீட்டில் என் முகத்தையே யாரும் பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் இங்கே இருந்தவள் ஞானம். ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அதன் பிறகுதான் அருமனையிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று வருஷம் ஆகிறது. அவருக்குப் புதுக்கடைச் சந்திப்பில் ஜவுளிக்கடை. விளக்கு வைத்த பிறகு வருவார். சோறு வைத்தால் சோற்றைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். மாமி சொர்ணம்மாள் என்னிடம் பேசுவதென்றால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஒரு பிள்ளை பெற்றிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

ஜூன் 27, சனி

சுயம்பு வைத்தியர் ஒரு எண்ணெய் கொடுத்தார். முகத்துக்கும் அதுதான், காலுக்கும் அதுதான். காலுக்கு வேண்டுமானால் அட்டை விட்டு ரத்தம் எடுக்கலாம் என்றார். அட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 4, சனி

எண்ணெயால் கண்ட பலன்: தலையணை நாறுகிறது.

ஜூலை 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் பயம் குறைந்துவிடும்.

காலையில் மாமியோடு நிழல் தாங்கலுக்குப் போனேன். எங்கள் சாமி அய்யாவின் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிடப் போகிறவர் தன் முகத்தையே பார்த்துக் கும்பிட வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதுதான். ஆனால் இந்த ஒரு மாதமாகக் கண்ணாடி என்றாலே எனக்கு வேண்டாதது, அதனால் தலையைக் குனிந்தே நின்றேன். நெற்றியில் நாமம் இடும்போதுதான் நிமிர்ந்தேன். விளக்கு வெளிச்சத்தில் கன்னத்துச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது.

மாமி எனக்குப் பின்னால் நின்று என் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்தவள் என் தோளைப் பிடித்தாள். மூன்று வருஷத்தில் அவள் கை என் மேல் பட்டதே இல்லை.

“மக்கா… வந்துட்டியா?”

என்னிடம் கேட்கவில்லை. கண்ணாடியிடம் கேட்டாள்.

ஜூலை 13, திங்கள்

மாமி சொல்லிவிட்டாள். ஞானத்துக்கும் பிள்ளை உண்டானபோது இதே சிவப்பு வந்ததாம், காலிலும் முகத்திலும். ஆனால் அவளுக்கு வலது கன்னம்.

“எனக்கு இடது கன்னம் மாமி” என்றேன்.

“கண்ணாடியில நான் பாத்தேன். அவளுக்கு இருந்த பக்கம்தான் இருந்துது.”

பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் பலகையில் இரண்டு முகம் வரைந்து பார்த்தேன். ஞானத்தை நேருக்கு நேர் பார்த்த மாமிக்கு அவளுடைய வலது கன்னம் தன் இடது கைப்பக்கம் தெரிந்திருக்கும். கண்ணாடியில் என் இடது கன்னமும் மாமிக்கு அதே பக்கம்தான் தெரியும். அவ்வளவுதான் சங்கதி! பேயும் இல்லை பிசாசும் இல்லை, கண்ணாடி செய்த வேலை. வீட்டுக்கு வந்து கரித்துண்டால் தரையில் வரைந்தே காட்டினேன். மாமி கோபப்படவில்லை. அன்பாகச் சிரித்தாள்.

“நீ படிச்சவ, ஒனக்கு அப்பிடித்தான் தோணும். அய்யா எனக்குக் காட்டினத நீ அழிக்க முடியுமா?”

ஜூலை 19, ஞாயிறு

காலையில் காய்ச்சிய பால் வந்தது. சோற்றில் நெய் வந்தது. பெட்டியிலிருந்து ஞானத்தின் பச்சைப் புடவை வந்தது. “உடுத்து மக்கா.” மாமி இப்போது அடுப்பைப் பார்ப்பதில்லை. என் இடது கன்னத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

நெய் நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 25, சனி

தமிழ்த் தாலுகாக்களை மதராஸோடு சேர்ப்பது பற்றிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார். முழுசாக, சாவகாசமாகப் பார்த்தார்.

“நோவுதாட்டி?”

“இல்ல.”

“எரிச்சல் ஏதும் உண்டுமா?”

இல்லை என்றேன். கையை நீட்டிக் கன்னத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். அழுத்தி எடுத்து, சிவப்பு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தானே மூன்று வருஷம் காத்திருந்தேன்! அவர் கண் கலங்கிய பிறகுதான் புரிந்தது, தொட்டது என்னை இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாமி வாசலில் நின்று, “அவளும் எடக்கையாலதான் துருவுவா” என்றாள்.

குனிந்து பார்த்தேன். இடது கையால்தான் துருவிக்கொண்டிருந்தேன்.

நான் எப்போதும் இடது கையால்தான் துருவுவேனா? அம்மா வீட்டில்? நினைவில்லை. நினைவில்லை என்றால் என்ன அர்த்தம்? அருமனைக்குப் போய் அம்மாவிடம் கேட்கலாம். அம்மா ‘இல்லையே’ என்று சொல்லிவிட்டால்? அதனால் போகவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

கண்ணாடியைப் பார்க்காமல் தலை வாரப் பழகிக்கொண்டேன். வகிடு கோணுகிறது. கோணட்டும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

வேலிக்கு அப்பால் யாரிடமோ மாமி சொல்வது கேட்டது. “அவ பிள்ளையப் பெத்துக்கிட வந்திருக்கா. கொறை வச்சிட்டுப் போனவ, முடிக்காமப் போவ மாட்டா.”

நான் யார் அப்போது? பாத்திரமா? அவள் வந்து இறங்கி, பெற்று எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் வைத்திருக்கிற பாத்திரமா? எனக்கு ஒரு பேர் உண்டு. முத்துக்கனி. முத்துக்கனி. முத்துக்கனி. எங்க அப்பா வச்ச பேரு. இந்த வீட்டுல அதைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, இப்ப அதுக்கும் வழியில்லாமப் போச்சு.

பயமாக இருக்கிறது. ஞானம் ஏழாம் மாதத்தில் போனாள். எனக்கு ஒன்று தங்கிவிட்டால் அந்த ஏழாம் மாதம் எனக்கும் வருமே.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

எங்கள் பள்ளிக்கூடத்து நேசபாய் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. அவள் சித்திக்குக் காலில் இதே மாதிரி வந்து நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஊசி போட்டுப் போக்கினாராம். முகத்தில் வந்ததைக் கரண்டு ஊசியால் சுடுவாராம். “அழாத பிள்ளே. சனியாழ்ச்ச ரெண்டு பேருமா பஸ்ஸேறுவோம். வீட்டுல கேக்காத. கேட்டா விடுவாவளா?”

ஆகஸ்ட் 22, சனி

போய் வந்தாயிற்று.

டாக்டர் சத்தியநேசன் வயதானவர். கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திக் கன்னத்தைப் பார்த்தார். “தோலுக்கடியில உள்ள மெல்லிசு ரத்தக்குழாய் விரிஞ்சு நிக்குது. அவ்வளவுதான். நாள் பூரா நின்னு பாடம் எடுக்கிறவங்களுக்குக் காலுல வரும். சிலருக்குக் குடும்பத்துலயே உண்டு. பிள்ளை உண்டானாலும் வரும், பெத்தா மங்கிப்போகும். உயிருக்கு ஒண்ணும் செய்யாது. அப்படியே விட்டாலும் மோசமில்ல.”

“இல்ல, எடுத்திருங்கோ” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பேனா மாதிரி ஒன்று, பின்னால் வயர், முனையில் மயிரளவு ஊசி. சிவப்பு ஓடும் வழியிலேயே தொட்டுத் தொட்டுப் போனார். ஒவ்வொரு தொடலும் கட்டெறும்புக் கடி. மயிர் கருகும் வாடை. தொட்ட இடம் வெளுத்து, கோடு சுருங்கி இல்லாமல் போனது. நேசபாய் என் கையைப் பிடித்திருந்தாள். பிறகு காலில் மெல்லிய ஊசி வழியாக மருந்து ஏற்றி, இறுக்கித் துணி சுற்றிவிட்டார். உட்காராதே, நட என்றார். பொருக்குத் தட்டும், பிய்க்காதே, மஞ்சள் பூசாதே, வெயிலில் போகாதே. “திரும்பி வரவும் செய்யும். வந்தா வாங்க, இன்னொரு தடவ தொட்டு விடுறேன்.”

பஸ்ஸில் தக்கலை வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். சத்தியமாக அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மாமி பொருக்கைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

“சுட்டுப்போட்டியே பாவி! எம் பிள்ளைய ரெண்டாம் மட்டமும் கொன்னுட்டியே!”

பக்கத்து வீட்டுப் பெண்கள் துக்கத்துக்கு வருவது மாதிரி வந்து நின்றார்கள். ஒருத்தியும் என் பக்கம் வரவில்லை.

அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது.

செப்டம்பர் 6, ஞாயிறு

பொருக்கு உதிர்ந்துவிட்டது. தாங்கல் கண்ணாடியில் நிமிர்ந்தே பார்த்தேன். சுத்தமான முகம். நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜெயித்தவள் எதற்காக அழுகிறாள்?

செப்டம்பர் 19, சனி

காலுக்கு மறுபடியும் ஊசி. டாக்டருக்குத் திருப்தி. கால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

பால் நின்றுவிட்டது. பச்சைப் புடவை பெட்டிக்குள் போய்விட்டது. மாமி அடுப்போடு பேசுகிறாள். முன்பு இருந்த மாதிரியே ஆகிவிட்டது என்று எழுத நினைத்தேன். பொய். முன்பு எனக்கு எதுவும் தெரியாது. ஒருவர் நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்தேன்.

அக்டோபர் 30, வெள்ளி

கடையிலேயே படுத்துக்கொள்கிறார். சரக்கு வந்திருக்கிறதாம்.

டிசம்பர் 6, ஞாயிறு

செத்துப்போனவளோடு எனக்கு என்ன போட்டி? அவள் என்னிடம் என்ன கேட்டாள்? வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டாளா? கன்னத்தில் கொஞ்சம் இடம். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு புருஷனையும் ஒரு தாயையும் கொடுத்திருந்தாள். நான் ஊசி வைத்துச் சுட்டேன்.

இப்போதெல்லாம் தேங்காய் துருவும்போது கையைக் கவனிக்கிறேன். வலது கை. எவ்வளவு கவனித்தாலும் வலது கை. வீடு பெரிதாகிவிட்டது. அவள் இருந்தபோது பயந்தேன், உண்மைதான். ஆனால் தனியாக இல்லை.

1954 ஜனவரி 17, ஞாயிறு

மூக்கோரத்தில் ஒன்று. மயிரளவுதான். அழுத்தினேன், மறைந்தது. எடுத்தேன், வந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன்.

ஜனவரி 29, வெள்ளி

நேசபாய் கண்டுபிடித்துவிட்டாள். “ஏட்டி, திரும்ப வந்திருக்கே! சின்னதா இருக்கும்போதே போயிருவோம், நாளைக்கே பஸ்ஸேறுவோம்.” நாளைக்கு முடியாது என்றேன். அடுத்த சனி என்றாள். பரீட்சைத் தாள் இருக்கிறது என்றேன். இரண்டாம் வகுப்புக்கு என்ன பரீட்சைத் தாள்? என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேச்சை மாற்றிவிட்டாள்.

பிப்ரவரி 3, புதன்

இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வெயிலில் நடந்தேன். மஞ்சள் பூசிக் குளித்தேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

சாயங்காலம் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பல நாளுக்குப் பிறகு அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். காலடிச் சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றது. நான் முகத்தைக் கொஞ்சம் வெயில் பக்கம் திருப்பினேன்.

பிறகு, மெதுவாக, “ஞானம்” என்றார்.

“என்னா” என்றேன்.